அடைப்பெடுக்கும் அங்கிள்

அறையை எனக்கு விடுவதற்கு முன் அவர் என் ஊரைக் கேட்கவில்லை, வேலையைக் கேட்கவில்லை. தலைமுடி எவ்வளவு நீளம் என்று கேட்டார்.

எனக்குத் திக்கென்றது. இருபத்திரண்டு வயதில் முதல் தடவையாகக் கிள்ளானை விட்டு வெளியே தங்க வந்திருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை கிடைத்திருந்தது. தெரிந்தவர்கள் மூலம் இந்த வரிசை வீட்டுக்கு வந்திருந்தேன். எதிரே நின்ற மனிதருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். அரசாங்க இலாகாவில் கிராணி, எழுத்தர் வேலை. வெள்ளைச் சட்டையின் இரண்டு கைகளையும் அளந்ததுபோல் ஒரே உயரத்துக்கு மடித்துவிட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று புரியாமல் பையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்து அவர் மனைவி அவசரமாக வந்தார்.

"பயப்படாதேங்கோ பிள்ளை. வேக்குவம் அடைச்சுப்போடும் எண்டுதான் கேக்கிறார்."

"இடுப்பு வரைக்கும் வரும் அங்கிள்" என்றேன்.

"அப்ப ஒரு துணி தாறன். தலை இழுக்கேக்க தோளில விரிச்சுக்கொள்ளுங்கோ. விழுற மயிரைப் பேப்பரில மடிச்சு வெளிய போட்டுவிடுங்கோ. தரையில ஒண்டும் விழக்கூடாது. அவ்வளவுதான். மற்றபடி இது உங்கட வீடு" என்றார் அங்கிள்.

அவர்கள் யாழ்ப்பாணத்து வழியினர். அங்கிளின் தகப்பனார் காலத்திலேயே மலாயாவுக்கு வந்துவிட்ட குடும்பம்தான், ஆனாலும் வீட்டுக்குள் பேச்சு மாறவில்லை. எங்கள் கிள்ளான் பக்கத்தில் யாரையாவது திட்டும்போது மட்டும் வரும் ஒரு சொல்லை அவர் அத்தனை மரியாதையாகச் சொன்னது என் காதில் விழுந்து, சிரிப்பு வந்தது. பயம் போய்விட்டது. அறையை எடுத்துக்கொண்டேன்.

அந்த வேக்குவம், அதாவது தூசி உறிஞ்சும் இயந்திரம், கூடத்தின் மூலையில், மேலே ஒரு துவாலை போர்த்தியபடி இருக்கும். சாம்பல் நிறம். நீளவாக்கில் படுத்துக்கிடக்கும் உடம்பு. அதன் வாயிலிருந்து மடிப்பு மடிப்பாக ஒரு நீண்ட குழாய். குழாயின் முனையில் தரையைத் தடவும் பிரஷ். வயிற்றுக்குள் தூசி சேர்கிற காகிதப் பை. அந்த நாளில் எங்கள் தெருவில் ஐந்தாறு வீடுகளில்தான் அது இருந்தது. மற்ற வீடுகளில் அதை விருந்தாளிகள் வரும்போது எடுப்பார்கள். இவர் வீட்டில் காலையும் மாலையும் அது ஓடியது. துடைப்பம் என்பதே அந்த வீட்டில் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முன் வாசலில் பழைய செய்தித்தாள்களை விரித்து இயந்திரத்தைப் பிரித்துப்போடுவார். பையை இரண்டு விரல்களால் தூக்கி எடை பார்ப்பார். பாதிக்குமேல் நிறைந்திருந்தால் மாற்றிவிடுவார். முழுதும் நிறையும்வரை விடுவது சோம்பேறித்தனம் என்பார். துணி வடிகட்டியை வேலியோரம் கொண்டுபோய்த் தட்டுவார். பிறகு பிரஷைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, சின்னக் கத்தரிக்கோலால் அதில் சுற்றியிருக்கும் முடியை வெட்டி வெட்டி எடுப்பார். நாங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் எப்படியோ சில இழைகள் போய்ச் சேர்ந்துவிடும்.

"இது உங்கடது, பிள்ளை" என்று ஒன்றை என் பக்கம் தூக்கிக் காட்டுவார். கோபமே இருக்காது. ஆனால் எனக்கு முகம் சுண்டிவிடும்.

அவர் கையில் சரியாகாத அடைப்பு கிடையாது என்று தெருவே சொல்லும். பக்கத்து வீட்டுச் சீனத்து ஆன்டி, இயந்திரத்தைக் குழந்தைபோல இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார். "அங்கிள், சும்பாட் லாகி!" என்று வாசலிலிருந்தே சத்தம் போடுவார். மறுபடியும் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். இவர் முதலில் குழாயைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தை மட்டும் ஓடவிட்டு, அதன் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். கையை இறுக்கி இழுத்தால் மோட்டாரும் பையும் நன்றாக இருக்கின்றன, அடைப்பு குழாயில்தான். பிறகு இயந்திரத்தை நிறுத்தி, குழாய்க்குள் ஒரு கோலிக்குண்டைப் போட்டு, அது உருண்டு எங்கே நிற்கிறது என்று காது வைத்துக் கேட்பார். அந்த இடத்துக்கு ஒரு நீளமான ரோத்தானை விடுவார். முனையில் துணி சுற்றிய பிரம்பு. கம்பி விட்டால் குழாய் கிழிந்துவிடும் என்று கம்பியைத் தொடவே மாட்டார். பொறுமையாகத் திருகித் திருகி இழுத்தால் ஒரு குழந்தையின் காலுறை வெளியே வரும். சீனத்து ஆன்டி கைதட்டிச் சிரிப்பார். இவரும் சிரிப்பார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததெல்லாம் அடுத்தவர் வீட்டு அடைப்பை எடுத்தபோதுதான்.

"அடைச்ச பிறகு எடுக்கிறது ஆரும் செய்யலாம்" என்பார். "அடையாமல் பார்க்கிறதுதான் வேலை. அதுக்குத்தான் காது வேணும். சத்தம் ஏறினால் உடன நிப்பாட்டிப்போட வேணும்."

ஏன் இப்படி என்பதை ஆன்டிதான் எனக்குச் சொன்னார், குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. அவர்களுக்கு ஒரே பெண், சுகந்தி. சின்ன வயதிலிருந்து மூச்சு இழுப்பு. துடைப்பம் தூசியைக் கிளப்பும், அதைவிட வேக்குவம் நல்லது என்று டாக்டர் சொல்லி அதை வாங்கினார்கள். சுகந்திக்கு ஒன்பது வயதானபோது ஒரு வாரம் அது சரியாக இழுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்றார் அங்கிள். வியாழக்கிழமை பிள்ளைக்கு மூச்சு நின்றுபோகிற அளவுக்கு வந்துவிட்டது. நான்கு நாள் பெரிய ஆஸ்பத்திரியில். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்ததும் அங்கிள் குழாயைப் பிரித்துப் பார்த்தார். ஒரு பிடி முடியும் ஒரு பஸ் டிக்கெட்டும் வந்தன.

"அந்த டிக்கெட்டைக் கையில வச்சுக்கொண்டு விறாந்தையில இருந்து அழுதவர் பிள்ளை. கலியாணம் கட்டி அண்டைக்குத்தான் அவர் அழுததைப் பாத்தனான்."

அதைக் கேட்ட பிறகு அவருடைய எந்தக் கட்டளையும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நல்ல மனிதர். நான் காய்ச்சலில் படுத்தபோது வேலைக்குப் போவதற்கு முன் வாசலில் கஞ்சியை வைத்து, கதவைத் தட்டிவிட்டுப் போனார். மழை பெய்தால் குடையோடு பஸ் நிறுத்தத்தில் நிற்பார். ஆனால் கட்டளைகள் கூடிக்கொண்டே போயின. அவருடைய அழகான கிராணிக் கையெழுத்தில், குளிர்ப்பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மல்லிகைப் பூ வீட்டுக்குள் வைக்கக்கூடாது, இதழ் உதிரும். திருநீற்றுத் தட்டு வாசலுக்கு வெளியே. பொரி வாங்கக்கூடாது. தீபாவளிக்கு முறுக்கை நாங்கள் கார் நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டு தின்றோம். சுகந்தியின் தோழிகள் ஒருமுறை கூடைப்பந்து ஆடிவிட்டு மண் காலோடு வந்தார்கள். அங்கிள் இயந்திரத்தை எடுத்துவந்தார். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி, அவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே, வேக்குவத்தை ஓட்டினார். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

தாளின் கடைசி வரி: நூல், துணித் துண்டு எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது.

அது சுகந்திக்காக எழுதியது. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே தைக்க வந்தது அவளுக்கு. என் பழைய பாவாடையை ஒருநாள் பிரித்துப்பார்த்தே அதன் வெட்டைப் புரிந்துகொண்டாள். நான் என் அறையில் அவளுக்காக ஊசியும் நூலும் கத்தரிக்கோலும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன். சனிக்கிழமைகளில் அங்கிளுக்கு அரை நாள் வேலை. அந்த அரை நாள்தான் அவளுக்குத் தையல்.

என் மாமா மகள் கல்யாணத்துக்கு ஒரு பச்சை ரவிக்கை வேண்டியிருந்தது. துணியை நானே வாங்கிவந்து கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. ஆன்டி சந்தைக்குப் போயிருந்தார். காலையிலிருந்து வெட்டினாள், கையாலேயே தைத்தாள். நேரம் போனது தெரியவில்லை. மணி பன்னிரண்டரை. தரையெல்லாம் பச்சை நூலும் துண்டுத் துணியும்.

"ஐயோ அக்கா, அப்பா வந்திருவார்!"

"இரு, நான் பார்த்துக்குறேன்" என்று சொல்லி நான்தான் வேக்குவத்தை எடுத்தேன். கையால் பொறுக்கியிருக்கலாம். அவசரம். பாதி அறை முடிவதற்குள் அதன் சத்தம் மேலே ஏறியது. கீச்சென்று, மெலிந்து. நிறுத்தியிருக்கவேண்டும். அந்த வீட்டில் எத்தனை தரம் அதைக் கேட்டிருக்கிறேன்! மிச்சத்தையும் உள்ளே தள்ளி முடித்துவிட்டு, மூலையில் வைத்துத் துவாலையைப் போர்த்தினேன்.

அவர் வந்தார், சாப்பிட்டார். கொஞ்ச நேரம் படுத்தார். மூன்று மணிக்கு வேக்குவத்தை ஓடவிட்டார். ஒரு நொடிதான் ஓடியிருக்கும். நிறுத்திவிட்டார்.

சந்தையிலிருந்து வந்துவிட்ட ஆன்டியும் சுகந்தியும் நானும் கூடத்தில் நின்றோம். குழாயைக் கழற்றினார், கையை வைத்துப் பார்த்தார், கோலிக்குண்டைப் போட்டார், ரோத்தானை விட்டார். எல்லாம் வழக்கமான நிதானத்தோடு. ஒரு கைப்பிடி அளவுக்கு அடைப்பு வந்தது. முடி, நூல், துணி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. அதைச் செய்தித்தாளில் வைத்துவிட்டுத் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஆர் தைச்சது?"

சுகந்தி என் பக்கம் திரும்பினாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஆன்டி சொல்லிவிட்டார்.

"நான்தான். பிளவுஸ் கிழிஞ்சு போச்சு, தைச்சனான்."

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறை போய்விடும், திரும்பிக் கிள்ளானுக்குப் போகவேண்டிவரும், அவ்வளவுதான் அப்போது என் மனதில் இருந்தது.

அவர் யாரையும் திட்டவில்லை. குழாயைக் கழுவிக் காயப்போட்டார். மாலையில் சுகந்திக்கு இழுக்கத் தொடங்கியது. மருந்து பம்பை அவள் வாயில் வைத்து, முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "இண்டைக்கு முழுக்க அந்தத் தூசி வீட்டுக்குள்ள நிண்டிருக்கு" என்று மட்டும் சொன்னார். அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் பல் விளக்கக் குசினிப் பக்கம் வந்தபோது, பின்வாசல் திறந்திருந்தது. ஆன்டி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சுற்றிச் செய்தித்தாள்கள் விரித்திருந்தன. ஆன்டியின் கூந்தலை அவிழ்த்து நான் அன்றுதான் பார்த்தேன். முக்காலியைத் தாண்டித் தாளில் சுருண்டு கிடந்தது. அங்கிள் பின்னால் நின்று முதலில் அதைச் சிக்கெடுத்துச் சீவினார். அத்தனை மெதுவாக, வலிக்காமல். பிறகு கத்தரிக்கோலை எடுத்தார்.

"தலையை ஆட்டாதையும்."

"ஆட்டேல்ல. நீங்கள் வெட்டுங்கோ."

கழுத்துக்கு மேலே நேர்க்கோடாக வெட்டினார். வெட்டும்போது அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆன்டிக்கு அது தெரிந்திருக்காது. ஆன்டியின் முகத்தில் ஒன்றுமே இல்லை. நான் சத்தம் போடாமல் அறைக்குத் திரும்பினேன்.

அவர் வெளியே போனதும் ஆன்டியிடம் போனேன். "ஏன் ஆன்டி? நான்தான ஆன்டி..."

அவர் என் வாயைக் கையால் பொத்தினார். "நான்தான் வெட்டச் சொன்னனான். இனியாவது நிம்மதியா நித்திரை கொள்ளட்டும் அந்த மனுசன்."

இரண்டு மாதத்தில் கிள்ளான் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். புறப்படும்போது அங்கிள் என் பெட்டியைப் பஸ் வரைக்கும் தூக்கிவந்தார்.

அடுத்த வருட இறுதியில் ஆன்டியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சுகந்தி ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள், ஷா ஆலமில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கிளுக்குச் சம்மதமில்லை, நானே அவளை அனுப்புகிறேன், உங்கள் வீட்டில் ஓர் இடம் கொடுங்கள். நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா சரி என்றார். சுகந்தி ஒரு பையோடு வந்து சேர்ந்தாள். தினமும் காலையில் தொழிற்சாலை பஸ் எங்கள் முனைக்கு வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும்.

எங்கள் வீடு பலகை வீடு. பக்கத்திலேயே லோரிகள் நிற்கும் திடல். ஜன்னலைத் திறந்தால் செம்மண் தூசி. அம்மா ஈர்க்குத் துடைப்பத்தால் புழுதி பறக்கக் கூட்டுவார். முதல் வாரம் முழுக்க நான் சுகந்தியின் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், அம்மா வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"யாருலா அது, டிவி பெட்டிய தோள்ல தூக்கிக்கிட்டு வராரு?"

எட்டிப் பார்த்தேன். அங்கிள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தோளில் ஓர் அட்டைப் பெட்டி, கழுத்தில் மாலைபோலச் சுற்றிய குழாய். பிரிக்பீல்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி, பஸ் நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து, வேக்குவத்தைக் கொண்டுவந்திருந்தார்.

அம்மாவிடம் கைகூப்பினார். "குறை நினைக்காதேங்கோ. பிள்ளை படுக்கிற அறையை மட்டும் ஒருக்கா சுத்தம் பண்ணிப்போட்டுப் போறன்."

"பண்ணுங்க, அதுக்கென்ன" என்றார் அம்மா, ஒன்றும் புரியாமல்.

பலகைகளின் இடுக்கு இடுக்காக இழுத்தார். மெத்தையைத் தூக்கி அடியில் இழுத்தார். ஜன்னல் சட்டத்தை இழுத்தார். சுகந்தி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். இயந்திரத்தின் சத்தம் கொஞ்சம் ஏறியது. உடனே நிறுத்தினார். அந்த அமைதியில் அவள் பேசினாள்.

"அப்பா, இஞ்ச வந்து எனக்கு ஒருக்காவும் இழுக்கேல்ல."

அவர் குனிந்தபடியே இருந்தார். "மருந்து பம்ப்?"

"தொடவே இல்லை. மூண்டு மாசமா."

"ஒருக்காவும்?"

"ஒருக்காவும் இல்லையப்பா."

நல்ல செய்தி கேட்ட முகம் அல்ல அது. கையில் பிடித்திருந்த குழாயையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடைப்பை எடுக்காமலே குழாயைச் சுற்றிப் பெட்டியில் வைத்தார். அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார். சுகந்தியின் தலையில் கை வைக்கப்போனவர், வைக்காமல், "கவனமா இரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நானும் பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். இனியும் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

"அங்கிள், அன்னைக்கு ஆன்டி தைக்கல. என் ரவிக்கைதான். வேக்குவத்துல அள்ளிப்போட்டதும் நான்தான்."

"தெரியும் பிள்ளை" என்றார்.

என் கால் நின்றுவிட்டது.

"அது பச்சை நூல். அவவிட்ட பச்சைப் பிளவுஸ் இல்லை. அண்டைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா அங்கிள் ஆன்டி தலைய..."

பெட்டியைத் தரையில் இறக்கிவைத்தார். லோரி ஒன்று எங்கள்மேல் புழுதியடித்துக்கொண்டு போனது. அவர் முகத்தைத் துடைக்கவில்லை.

"அவ வெட்டுங்கோ எண்டு சொன்னவ. வேண்டாம் எண்டு நான் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பயம் பிள்ளை. அந்த நேரம் ஆர் எதைத் தந்தாலும் வாங்கியிருப்பன்." பெட்டியை மறுபடி தூக்கிக்கொண்டு, "அவவிட்டயும் பிள்ளையிட்டயும் எல்லாத்தையும் வாங்கிப்போட்டன்" என்றார்.

பஸ் வந்தது. பெட்டியை ஏற்ற நான் உதவினேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டு போனார். எனக்குக் கோபம் வந்தது. கூடவே, கீழே இறங்கச் சொல்லி இன்னொரு தேநீர் கொடுக்கவேண்டும்போலவும் இருந்தது. இவ்வளவு காலம் கழித்தும் அவரை நினைத்தால் இந்த இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன. ஆன்டியின் தலையில் கத்தரிக்கோல் வைத்ததில் எனக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கும் முடியவில்லை.

அதன்பின் பல வருடங்கள் அவர் கிள்ளான் பக்கம் வரவில்லை. சுகந்தி அதே தொழிற்சாலையில் வேலை செய்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டு, கிள்ளானுக்குப் பக்கத்தில் காப்பாரில் குடியேறினாள். தொண்ணூறுகளின் நடுவில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை. குழந்தை தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் அங்கிளும் ஆன்டியும் வருகிறார்கள் என்று என்னையும் கூப்பிட்டாள்.

அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றிருந்தார். மெலிந்துபோயிருந்தார். கையில் ஒரு பழப் பை மட்டும். வாசல் குழாயில் காலைக் கழுவினார், கையைக் கழுவினார். நிலைக்கு வெளியே நின்றுகொண்டு மகளிடம், "நான் உள்ளுக்கு வரலாமே?" என்று கேட்டார்.

"இதென்ன அப்பா கேள்வி, வாங்கோ" என்றாள் சுகந்தி. அவள் கண் கலங்கிவிட்டது.

கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பேத்தி ஒரு பிஸ்கட்டோடு வந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடித்தாள், நசுக்கினாள், மிச்சத்தை அவர் வேட்டியில் தேய்த்தாள். துகள் அவர் மடியிலும் பாதத்திலும் தரையெங்கும் சிதறியது. பிறகு இன்னொன்று கேட்டாள். சுகந்தி இன்னொன்று கொடுத்தாள், தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டே.

அங்கிள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னால் தாங்கமுடியவில்லை, துகளைப் பொறுக்கலாம் என்று குனிந்தேன்.

பக்கத்தில் இருந்த ஆன்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடு பிள்ளை" என்றார் மெதுவாக. "இருக்கட்டும்."